பழைய லாப் மெஷினுக்கு கொம்பைலர் குடுக்கிறது எப்பிடி, ஸ்டாட்டிக்கா டைனமிக்கா?

உப்புவெளியான் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலையில சொஃப்ட்வெயார் வேலை செய்யிற ஆக்கள் இதில கன பேர் இருக்கிறீங்க எண்டபடியா இங்கயே கேக்கிறன். நான் ஒரு சின்ன புரோகிராமிங் லாங்குவேஜ் எழுதிக்கொண்டு இருக்கிறன், கீவேர்ட் எல்லாம் தமிழ், ஏ.எல் ஐசிடி படிக்கிற பிள்ளையளுக்கு லூப், அரே, ஃபங்ஷன் எல்லாத்தையும் ஆங்கிலம் இடைஞ்சல் இல்லாம விளங்கப்படுத்தத்தான். கொம்பைலர் சி பிளஸ் பிளஸ்ல எழுதினது, மெஷின் கோட் உண்டாக்கிற பேக்எண்டுக்கு எல்எல்விஎம் 17 எண்ட லைப்ரரி. என்ட லப்டொப்பில எல்லாம் வடிவா ஓடுது.

பிரச்சினை அங்கால கொண்டுபோனாத்தான். என்னட்ட இருக்கிறது உபுண்டு 24.04. நான் பாடம் எடுக்கிற இடத்தில இருக்கிற மெஷின் எல்லாம் பழசு, அரைவாசி உபுண்டு 20.04, மிச்சம் 18.04, நெட் இல்லை, எதையும் அப்டேட் பண்ண ஏலாது, பென் ட்ரைவில கொண்டுபோய்த்தான் போடவேணும். முதல்ல எல்எல்விஎம் லைப்ரரி பைலைக் காணேல்ல எண்டு சொல்லிச்சு, சரி எண்டு அதையும் பக்கத்தில கொண்டுபோய் வச்சா, ஜிலிப்சி (லினக்ஸின்ட அடிப்படை சி லைப்ரரி) 2.38 இல்லை எண்டு ஒரு வரி, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் (சி பிளஸ் பிளஸ் லைப்ரரியின்ட வேர்ஷன்) 3.4.32 இல்லை எண்டு இன்னொரு வரி. அவ்வளவுதான், கொம்பைலர் தொடங்கவே இல்லை.

இப்ப எனக்கு முன்னால மூண்டு வழி தெரியுது. ஒண்டு, ஸ்டாட்டிக் ஃபிளாக்கைப் போட்டு எல்லாத்தையும் ஒரே பைலுக்குள்ள அடைக்கிறது. ரெண்டாவது, டைனமிக்காவே விட்டு, ஓடுற நேரத்தில ஏத்திற எல்லா எஸ்ஓ லைப்ரரி பைலையும் (லிப்சி எண்ட சி லைப்ரரி உட்பட) ஒரு ஃபோல்டருக்குள்ள போட்டு, லைப்ரரி தேடுற இடத்தைச் சொல்ற எல்டி லைப்ரரி பாத்தை அங்க காட்டிவிடுறது. மூண்டாவது, ஏதாவது பழைய சிஸ்டத்தில வச்சு பில்ட் பண்றது. உண்மையா கொம்பைலர் மாதிரி ஒரு சாமானைக் குடுக்கிற ஆக்கள் எதைச் செய்யினம்? ஏன் அப்பிடிச் செய்யினம்? அதை விளங்கிக்கொண்டு செய்யத்தான் விருப்பம், ஏனெண்டா பிறகு விண்டோஸுக்கும் குடுக்கவேணும்.

---

கிண்ணியா வாசி

தம்பி, முதல்ல ரெண்டாவது வழியை விட்டுடுங்க. லிப்சியை மட்டும் தனியாக் கொப்பி பண்ணிக் கொண்டுபோகக் கூடாது. லிப்சியும், புரோகிராமை ஏத்திவிடுற லோடரும் (எல்டி லினக்ஸ் எண்டு இருக்கிற அந்த பைல்) ஒரே பில்டில இருந்து வந்த சோடி, உள்ளுக்குள்ள ஒண்டை ஒண்டு நம்பித்தான் இருக்கும். லோடர் 18.04 இன்டது, லிப்சி 24.04 இன்டது எண்டா தொடங்கும்போதே விழும். அதோட எல்டி லைப்ரரி பாத்தை எக்ஸ்போர்ட் பண்ணிவிட்டா அந்த டெர்மினல்ல அடிக்கிற எல்எஸ் கூட உங்கட லிப்சியைத்தான் எடுக்கப் பாக்கும், அதுவும் சேர்ந்து விழும். எல்எல்விஎம் மாதிரி லைப்ரரியளைக் கொண்டுபோகலாம், லிப்சியைக் கொண்டுபோகக் கூடாது.

இனி அந்த எரர் ஏன் வந்தது எண்டு பாப்பம். ஜிலிப்சிக்குள்ள ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வேர்ஷன் ஒட்டி இருக்கு. பழசில லிங்க் பண்ணினது புதுசில ஓடும். ஆனா புதுசில லிங்க் பண்ணினது பழசில ஓடும் எண்டு ஒருத்தரும் வாக்குத் தரல்ல. 18.04 இல இருக்கிறது 2.27, 20.04 இல 2.31, உங்கட 24.04 இல 2.39. அப்ப 2.38 எங்கால வந்தது எண்டா, உங்கட கோட்ல எங்கயாவது எழுத்தை எண்ணா மாத்திற எஸ்டிஆர்-டு-எல் வகை ஃபங்ஷன் இருக்கும். 2.38 இல, புது சி23 விதிப்படி 0பி எண்டு தொடங்கிற பைனரி எண்ணையும் வாசிக்கிற மாதிரி அதுக்கு ஒரு புது உருவம் போட்டவங்க, ஹெடர் பைல் உங்களைக் கேக்காமலே அந்தப் புதுப் பேருக்கு மாத்திவிடும். நீங்க பைனரி எண் வாசிக்கிறீங்களா இல்லையா எண்டு அது பாக்காது. ஒப்ஜ்டம்ப் கட்டளையில பெரிய டி ஒப்ஷனை (-T) போட்டு உங்கட பைலைப் பாருங்க, ஜிலிப்சி எண்டு வாற வரியளை மட்டும் வடிச்சு எடுங்க, 2.38 எண்டு இருக்கிற வரியில ஐஎஸ்ஓசி23 எண்டு தொடங்கிற பேரைக் காண்பீங்க.

நான் வேலை செய்யிற இடத்தில நாங்க செய்யிறது உங்கட மூண்டாவது வழி. ஆகப் பழைய மெஷின் எதுவோ அதிலதான் பில்ட். அதுக்கு மெஷின் தேட வேணாம், டொக்கர்ல (வேற சிஸ்டத்தின்ட பைல்களை உங்கட மெஷினுக்குள்ளயே தனியா ஓடவிடுற சாமான்) உபுண்டு 18.04 இமேஜை எடுத்தாக் காணும், கர்னல் உங்கட லப்டொப்பின்டதா இருந்தாலும் லிப்சி அந்த இமேஜின்டதுதான். அங்க இருக்கிற ஜிசிசி 7.5, எல்எல்விஎம் 17 கேக்கிற ஆகக் குறைஞ்ச ஜிசிசி 7.4, அதால அது மட்டுமட்டாத் தப்பும். ஆனா அங்க இருக்கிற சிமேக் 3.10 காணாது, எல்எல்விஎம் 17க்கு 3.20 வேணும், சிமேக்கை அவங்கட சைட்ல இருந்து டார் பைலா எடுத்துப் போடுங்க.

லிங்க் பண்ணும்போது லிப்ஜிசிசியையும் சி பிளஸ் பிளஸ் லைப்ரரியையும் மட்டும் ஸ்டாட்டிக் ஆக்கிற ஃபிளாக் ரெண்டு இருக்கு, அதுகளைப் போட்டா ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் பிரச்சினை எப்பவும் வராது. எல்எல்விஎம்மையும் ஏ பைலா (ஸ்டாட்டிக் லைப்ரரி) உள்ளுக்க எடுங்க. கடைசியில எந்த எஸ்ஓ பைல் தேவை எண்டு காட்டுற எல்டிடி கட்டளையைப் போட்டுப் பாத்தா லிப்சி, லிப்எம், பித்ரெட் மாதிரி சிஸ்டத்துக்குச் சொந்தமான ரெண்டு மூண்டுதான் மிஞ்சியிருக்கவேணும்.

---

உவர்மலை அக்கா

கிண்ணியா வாசி சொன்னது எல்லாம் சரி, அதைச் செய்தா உங்கட லாப்பில ஓடும். ஆனா நான் இன்னொரு பக்கம் கதைக்கப்போறன், ஏனெண்டா கொம்பைலர் எண்டது மற்ற புரோகிராம் மாதிரி இல்லை. அது பைலை வாசிக்கும், மெமரி எடுக்கும், பைலை எழுதும், அவ்வளவுதான். யூசர் லொகின் பாக்கிறதில்லை, டிஎன்எஸ் பாக்கிறதில்லை. முழு ஸ்டாட்டிக்குக்கு இதைவிடப் பொருத்தமான புரோகிராம் கிடையாது.

லினக்ஸில முழு ஸ்டாட்டிக் ஏன் இவ்வளவு நல்லா வேலை செய்யுது எண்டா, கர்னல் சிஸ்டம் கோல்களை உடைக்கிறதில்லை எண்டு அவங்க கண்டிப்பா நிக்கிறாங்க. லைப்ரரி இல்லாம நேரே கர்னலோட கதைக்கிற பைல் 18.04 இலயும் ஓடும், அதுக்குப் பத்து வருசம் கழிச்சு வாறதிலயும் ஓடும், ஜிலிப்சியே இல்லாத அல்பைன் எண்ட லினக்ஸ் டிஸ்ட்ரோவிலயும் ஓடும். ஸிக் லாங்குவேஜின்ட கொம்பைலர் அப்பிடித்தான் வருது, டார் பைலைப் பிரிச்சா முக்கியமா ஒரு எக்ஸிகியூட்டபிளும் லிப் எண்டு ஒரு ஃபோல்டரும் இருக்கும், எந்த டிஸ்ட்ரோவிலயும் ஓடும். கோ லாங்குவேஜும் அதே மாதிரி, 1.5 வேர்ஷன்ல (2015) அவங்கட கொம்பைலரை கோவிலயே திருப்பி எழுதின பிறகு சி லைப்ரரியை நம்பி இருக்கவேண்டிய தேவை நல்லாக் குறைஞ்சுது.

ஆனா ஒண்டு, ஸ்டாட்டிக் ஃபிளாக்கை ஜிலிப்சியோட போடாதீங்க. ஜிலிப்சியை ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணினாலும் ஹோஸ்ட் பேர் தேடுறது, யூசர் பேர் தேடுறது, எழுத்து மாத்திற ஐகொன்வ் எல்லாம் ஓடுற நேரத்தில எஸ்ஓ பைலைத் தேடும், அதுவும் லிங்க் பண்ணின அதே வேர்ஷனைக் கேக்கும். லிங்கர் உங்களுக்கு வோர்னிங் குடுத்திருக்கும், அதை வாசியுங்கோ. அதோட ஜிலிப்சிக்கு எல்ஜிபிஎல் எண்ட லைசன்ஸ், ஸ்டாட்டிக்கா குடுக்கிறதெண்டா வாங்கிறவர் திருப்பி லிங்க் பண்ணக்கூடியமாதிரி ஒப்ஜெக்ட் பைல்களையும் குடுக்கவேண்டி வரும். ஜிலிப்சிக்குப் பதிலா மசில் எண்ட சி லைப்ரரியை எடுங்கோ, அது எம்ஐடி லைசன்ஸ், ஸ்டாட்டிக்கை மனசில வச்சே எழுதினது. டொக்கர்ல அல்பைன் இமேஜை எடுத்தா லிப்சியே மசில்தான், எல்எல்விஎம்முக்கு ஸ்டாட்டிக் பக்கேஜும் அதில இருக்கு.

மசில்ல ரெண்டு இடத்தில கவனம். அதின்ட மலொக் (மெமரி எடுத்துத் தாற ஃபங்ஷன்) மெதுவானது, கொம்பைலர் எண்டா சின்னச் சின்னத் துண்டா கனக்க மெமரி எடுக்கிற சாமான், த்ரெட் கூடினா இன்னும் மோசமாகும், மி-மலொக் எண்ட வேற மலொக்கை உள்ளுக்க லிங்க் பண்ணினாச் சரி. மற்றது த்ரெட் ஸ்டாக். ஜிலிப்சியில புதுசா ஒரு த்ரெட் திறந்தா வழமையா 8 எம்பி கிடைக்கும், மசில்ல 128 கேபிதான். உங்கட பார்ஸர் தன்னைத்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு இறங்கிற வகை எண்டா, அதை ஒரு த்ரெட்டுக்குள்ள ஓடவிட்டா, பிள்ளையள் அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி போட்டு எழுதின ஒரு நீளமான கணக்கிலயே ஸ்டாக் முடிஞ்சு செக்ஃபோல்ட் வரும். த்ரெட் திறக்கும்போது ஸ்டாக் அளவைக் கையால குடுத்துவிடுங்கோ.

---

கோணேசபுரி கம்பஸ் பெடியன்

அக்கா ஒரு சந்தேகம். எங்களுக்குப் படிப்பிக்கேக்க டைனமிக் லிங்கிங்தான் நல்லது எண்டு சொல்லித் தந்தவை, மெமரி மிச்சம், டிஸ்க் மிச்சம், லைப்ரரியில ஓட்டை வந்தா ஒரு இடத்தில திருத்தினா எல்லாத்துக்கும் சரி எண்டு. டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்களும் அதைத்தானே வற்புறுத்துறது? அப்ப இது ஏன் மாறுது?

---

உவர்மலை அக்கா

படிப்பிச்சது பிழை இல்லை தம்பி, அது டிஸ்ட்ரோவுக்கு உள்ள நியாயம். ஒரு டிஸ்ட்ரோ தன்ட எல்லாப் பக்கேஜையும் தானே ஒண்டாப் பில்ட் பண்ணுது, ஒரே லிப்எல்எல்விஎம் பைலை கிளாங்கும் மேசாவும் போஸ்ட்கிரெஸ்ஸும் பங்குபோடலாம். 2014 இல ஓபின்எஸ்எஸ்எல் லைப்ரரியில ஹார்ட்பிளீட் எண்ட ஓட்டை வந்த நேரம் அதை ஒரு இடத்தில மாத்தி சேர்விஸ்களை ரீஸ்டார்ட் பண்ணினாக் காணும் எண்டு இருந்தது இந்த ஒழுங்காலதான். உள்ளுக்க ஸ்டாட்டிக்கா வச்சிருந்த ஆக்கள் ஒவ்வொரு புரோகிராமையும் தேடித் தேடித் திருப்பி பில்ட் பண்ணவேண்டி இருந்தது.

உப்புவெளியான் குடுக்கிறது டிஸ்ட்ரோவுக்குள்ளால இல்லை. அந்த மெஷின்ல எல்எல்விஎம் 17 எண்ட பைலைப் பங்குபோட வேற ஒரு புரோகிராமும் இல்லை, அப்ப மிச்சம் எண்ட கதையே வராது. எல்எல்விஎம்மின்ட சி பிளஸ் பிளஸ் இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு பெரிய வேர்ஷனுக்கும் மாறும், 17க்கு லிங்க் பண்ணினது 18ஓட ஓடாது, பெயரளவில பங்கு, உண்மையில ஒருத்தருக்கு ஒண்டு. ஓட்டை எண்ட விசயத்தில, கொம்பைலர் நெட்டுக்குப் போய் பக்கேஜ் இறக்கிற அளவுக்கு வளர்ந்தா மட்டும் கவனமா இருக்கவேணும், நெட்டில பாதுகாப்பா அனுப்பி எடுக்கிற டிஎல்எஸ் லைப்ரரியை உள்ளுக்க வச்சா அதின்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் நீங்க புது ரிலீஸ் விடக் கடமைப்பட்டிருக்கிறீங்க. இப்ப அப்பிடி ஒண்டும் இல்லை.

எல்லாப் பெரிய கொம்பைலரும் முழு ஸ்டாட்டிக் எண்டும் இல்லை. ரஸ்ட் லாங்குவேஜைப் பாருங்கோ, அதின்ட ரஸ்ட்சி பைல் ஒரு சின்னக் கோது, உண்மையான கொம்பைலர் லிப்ரஸ்ட்சி டிரைவர் எண்ட எஸ்ஓ பைலுக்குள்ள இருக்கு. புரொசீஜரல் மக்ரோவை அது எஸ்ஓ பைலாக் கொம்பைல் பண்ணி, கொம்பைலர் ஓடிக்கொண்டு இருக்கேக்கயே உள்ளுக்க ஏத்துது, முழு ஸ்டாட்டிக் எண்டா அது நடக்காது. அதால அவங்க கிண்ணியா வாசி சொன்ன வழியில போறாங்க, பழைய ஜிலிப்சிக்கு பில்ட் பண்றாங்க, 1.64 இல (2022) அந்த எல்லையை 2.17க்கு உயர்த்தினவங்க. ஹாஸ்கலின்ட ஜிஎச்சி பைனரியள் கன காலமா லிப்டிஇன்ஃபோ 5, 6 எண்டு டிஸ்ட்ரோவுக்கு ஒண்டா பிரிஞ்சு கிடந்தது, டெர்மினலுக்கு நிறம் போடுற ஒரு சின்ன லைப்ரரியால முழுக் கொம்பைலரும் தொடங்காது. அந்த மாதிரிச் சில்லறைச் சாமான்தான் ஆக்களை அலைக்கழிக்கும். எல்எல்விஎம்மும் அதையே இழுக்கும், பில்ட் பண்ணேக்க டெர்மின்ஃபோ, ஸிலிப், ஸிஸ்டிடி, லிப்எக்ஸ்எம்எல் நாலையும் ஓஃப் பண்ணிவிடுங்கோ, உங்களுக்கு ஒண்டும் தேவையில்லை. டார்கெட்டையும் எக்ஸ்86 மட்டும் எண்டு வையுங்கோ, வழமையா அது ஆர்ம், மிப்ஸ் எண்டு இருக்கிற எல்லா சிபியுவுக்கும் சேர்த்து பில்ட் பண்ணும்.

---

மூதூர் கோடர்

எல்லாரும் கொம்பைலர் பைலைப் பற்றியே கதைக்கிறீங்க, அதால ஒரு பெரிய சாமான் விடுபட்டுப் போகுது. பிள்ளை ஒரு புரோகிராம் எழுதி கொம்பைல் பண்ணினா என்ன நடக்கும்? எல்எல்விஎம் ஒப்ஜெக்ட் பைலோட நிக்கும். அதை ஓடக்கூடிய பைலா ஆக்க லிங்கர் வேணும், தொடக்கக் கோட் இருக்கிற சிஆர்டி1 ஒப்ஜெக்ட் பைல் வேணும், லிப்சி வேணும். கன பேர் இதில சிஸ்டத்தில இருக்கிற சிசி எண்ட சி கொம்பைலரைக் கூப்பிட்டு விட்டுடுவாங்க. உங்கட லப்டொப்பில பில்ட் எசென்ஷியல் இருக்கு, அதால ஓடுது. அந்த லாப் மெஷின்ல ஜிசிசி இருக்கா? நெட் இல்லாத சும்மா உபுண்டு இன்ஸ்டால்ல இருக்காது. அப்ப கொம்பைலர் வடிவாத் தொடங்கும், கோட்ல பிழை இருந்தா வடிவாச் சொல்லும், பிழை இல்லாத கோட்டைக் குடுத்தா சிசியைக் காணேல்ல எண்டு நிக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

கொம்பைலரை எப்பிடி லிங்க் பண்றது எண்டதும், கொம்பைலர் உண்டாக்கிற பைலை எப்பிடி லிங்க் பண்றது எண்டதும் ரெண்டு தனித்தனிக் கேள்வி. முதலாவதுக்கு என்ன முடிவு எடுத்தாலும் ரெண்டாவது அப்பிடியே இருக்கும். ஜிலிப்சியோட டைனமிக்கா இருக்கிற கொம்பைலர் முழு ஸ்டாட்டிக் பைலை உண்டாக்கலாம், மறுவளமாவும் செய்யலாம்.

நான் சொல்லுவன், எல்எல்டியை உள்ளுக்கயே எடுங்க. அது எல்எல்விஎம் குடும்பத்து லிங்கர், லைப்ரரியா உங்கட கோட்ல இருந்தே கூப்பிடலாம், வேற புரோசஸ் தேவையில்லை. மசிலின்ட சிஆர்டி1, சிஆர்டிஐ, சிஆர்டிஎன், லிப்சி ஏ பைல், உங்கட ரன்டைமின்ட ஏ பைல், எல்லாத்தையும் லிப் ஃபோல்டருக்குள்ள போட்டுக் குடுங்க, சில எம்பிதான் வரும். ரஸ்ட்டின்ட மசில் டார்கெட்டும் இதைத்தான் செய்யுது, செல்ஃப் கன்டெய்ன்ட் எண்டு ஒரு ஃபோல்டருக்குள்ள இந்த பைல்கள் வரும். அப்ப பிள்ளை உண்டாக்கிற பைலும் ஸ்டாட்டிக், அதைப் பென்ல போட்டு வீட்ட கொண்டுபோய் எந்த லினக்ஸிலயும் ஓடவிடலாம்.

---

உப்புவெளியான்

எல்லாருக்கும் நன்றி, கிண்ணியா வாசி நானா ஐஎஸ்ஓசி23 எண்டு சொன்ன பேர் அப்பிடியே அந்த வரியில இருந்தது. மூதூர் கோடர் சொன்னதும் உண்மை, நான் சிசியைத்தான் கூப்பிடுறன், லாப்பில ஜிசிசி இருக்கிறது ஒண்டு ரெண்டு மெஷின்லதான்.

இப்ப அக்கா சொன்ன மசில் வழியில போக விருப்பம், ஆனா ரெண்டு இடத்தில முட்டுது. ஒண்டு, என்ட கொம்பைலர்ல ஒவ்வொரு வரியா அடிச்சு உடனே விடை பாக்கிற மோட் இருக்கு, அது கோட்டை பைலா எழுதாம மெமரியிலயே கொம்பைல் பண்ணி ஓடவிடுற எல்எல்விஎம்மின்ட ஓர்க் ஜிட்ல ஓடுது. ஸ்கிரீன்ல விடை எழுதிற, எண் வாசிக்கிற ரன்டைம் ஃபங்ஷன்களை அது ஓடிக்கொண்டு இருக்கிற புரோசஸுக்குள்ள பேரை வச்சுத் தேடி எடுக்குது. முழு ஸ்டாட்டிக்ல அது தேடினா கிடைக்காதாம் எண்டு வாசிச்சன். மற்றது கோலம் போடுற மொடியூல். பிள்ளையள் "முன்னே 50, வலம் 90" எண்டு எழுதினா ஒரு விண்டோவில கோடு கீறும். புள்ளி வச்சுக் கம்பிக் கோலம் கீறவேணும் எண்டு சொல்லித்தான் லூப்பே படிப்பிக்கிறன், இதை விட்டுட்டு லாங்குவேஜைக் குடுக்கிறதில எனக்கு அர்த்தமில்லை. அது விண்டோ திறந்து படம் போடுற எஸ்டிஎல் லைப்ரரியை டிஎல்-ஓபின் பண்ணித்தான் (ஓடுற நேரத்தில எஸ்ஓ பைலை ஏத்தி) எடுக்குது.

---

உவர்மலை அக்கா

நல்ல இடத்தில வந்து நிக்கிறீங்க தம்பி, இதிலதான் உண்மையான முடிவு எடுக்கவேணும்.

முதலாவது லேசு. மசில் ஸ்டாட்டிக்ல டிஎல்-ஓபின் எண்டு ஒரு ஃபங்ஷன் பேருக்கு இருக்கும், கூப்பிட்டா எப்பவும் இல்லை எண்டுதான் சொல்லும், அதால ஓர்க் புரோசஸுக்குள்ள பேரைத் தேடுறதும் சரிவராது. ஆனா தேடவேண்டிய தேவையே இல்லை. ரன்டைம் ஃபங்ஷன் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சது, அதுகளின்ட பேரையும் விலாசத்தையும் ஒரு டேபிளா எழுதி ஓர்க்கிட்ட நேரே குடுங்கோ, அப்ஸலூட் சிம்பல்ஸ் எண்டு அதுக்கு வழி வச்சிருக்கிறாங்க. இன்னொரு நன்மையும் இருக்கு, பிள்ளை தன்ட ஃபங்ஷனுக்கு வச்ச பேர் தற்செயலா லிப்சிக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்டில போய் ஒட்டாது.

ரெண்டாவதை மசிலுக்குள்ள அடைக்கப் பாக்காதீங்கோ. ஸ்கிரீன்ல படம் போடுறது எண்டா கடைசியில கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் போகும், அந்த டிரைவர் அந்த மெஷின்ல இருக்கிற ஒரு எஸ்ஓ பைல், அந்த மெஷின்ட ஜிலிப்சிக்கு லிங்க் பண்ணினது. இன்டெல்லா, என்விடியாவா எண்டு உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, ஓடுற நேரத்திலதான் ஏத்தவேணும். மசில் புரோசஸுக்குள்ள ஜிலிப்சி டிரைவரை ஏத்தினா ஒரே புரோசஸுக்குள்ள ரெண்டு லிப்சி, ரெண்டு மலொக், ரெண்டு த்ரெட் கணக்கு. ஓடாது.

என்ட யோசனை, கோலம் போடுறதைத் தனிப் புரோகிராம் ஆக்குங்கோ. கொம்பைலரும் பிள்ளையள் உண்டாக்கிற பைலும் மசில் ஸ்டாட்டிக். கோலப் பலகை எண்டு ஒரு சின்ன டைனமிக் புரோகிராம், அதை மட்டும் கிண்ணியா வாசி சொன்ன மாதிரி 18.04 டொக்கருக்குள்ள பில்ட் பண்ணுங்கோ, எஸ்டிஎல் எஸ்ஓ பைலை அதின்ட பக்கத்தில வையுங்கோ. பிள்ளையின்ட புரோகிராம் ஒரு பைப்பைத் திறந்து "முன்னே 50" எண்டு எழுத்தாவே அனுப்பும், பலகை வாசிச்சுக் கீறும். கோட்ல பிழை வந்து புரோகிராம் விழுந்தாலும் விண்டோ மூடாது, எதுவரைக்கும் கீறுப்பட்டது எண்டு பிள்ளை பாக்கலாம். படிப்பிக்கிற ஆளுக்கு அது பெரிய உதவி எண்டு நினைக்கிறன்.

---

கிண்ணியா வாசி

அக்கா சொல்ற பிரிப்பு எனக்கும் சரியாப் படுது, லிப்சி சண்டை இல்லை. தம்பி அந்தப் பலகை புரோகிராமை லிங்க் பண்ணேக்க ஆர்பாத்தை (பைலுக்குள்ளயே எழுதிவைக்கிற லைப்ரரி தேடுற இடம்) டொலர் ஒரிஜின் லிப் ($ORIGIN/lib) எண்டு குடுங்க, அப்பதான் எந்த ஃபோல்டர்ல பிரிச்சு வச்சாலும் தன் பக்கத்தில இருக்கிற எஸ்டிஎல்லை எடுக்கும், எல்டி லைப்ரரி பாத்தைத் தொடவே தேவையில்லை. மேக் பைலுக்குள்ள எழுதிறதெண்டா டொலரை ரெண்டு தரம் போடவேணும், அதோட சிங்கிள் கொட்டுக்குள்ள வைக்கவேணும், இல்லாட்டி மேக்கோ ஷெல்லோ அதை வேரியபிள் எண்டு விழுங்கிப்போடும், பைல்ல வெறும் ரிஜின் எண்டு நிக்கும். பில்ட் முடிய ரீட்-எல்ஃப் போட்டு ரன்பாத் வரியைப் பாருங்க.

விண்டோஸ் கேட்டீங்க. அங்க முழு ஸ்டாட்டிக் எண்டு ஒண்டு இல்லை, கர்னல்32 டிஎல்எல் எப்பவும் டைனமிக்தான், சிஸ்டம் கோல் எண்கள் வேர்ஷனுக்கு வேர்ஷன் மாறும். ஆனா விஷுவல் சி ரன்டைமை உள்ளுக்க எடுக்கலாம், எம்டி ஒப்ஷனைப் போடுங்க (/MT, /MD இல்லை), அப்ப விசிரன்டைம்140 டிஎல்எல்லைக் காணேல்ல எண்ட எரர் வராது. மின்ஜிடபிள்யூ எண்டா ஸ்டாட்டிக் ஃபிளாக் போட்டாக் காணும். மக்கில அப்பிள் லிப்சிஸ்டத்தை ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ண விடுறதே இல்லை, கோ ஆக்கள் கூட நேரே சிஸ்டம் கோல் அடிக்கிறதை அங்க 1.12 ஓட விட்டுட்டாங்க.

---

உப்புவெளியான்

அக்கா சொன்ன மாதிரியே பிரிச்சாச்சு. அல்பைனுக்குள்ள பில்ட் பண்ணின கொம்பைலர், எல்எல்டியும் உள்ளுக்க, ஸ்ட்ரிப் பண்ணின பிறகு நூறு எம்பிக்குள்ள வந்திட்டுது, எல்டிடி போட்டா டைனமிக் எக்ஸிகியூட்டபிள் இல்லை எண்டு சொல்லுது. 18.04 மெஷின்ல ஜிசிசி இல்லாமலே ஒரு பெருக்கல் வாய்ப்பாடு கொம்பைல் பண்ணி ஓடிச்சு. கோலமும் கீறுது.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம். லிப் ஃபோல்டர் எங்க இருக்கு எண்டு கொம்பைலர் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது நல்லது? ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில பிரிச்சு வைக்குது. மற்றது பென்ல இருந்தே நேரே ஓடவிடப் பாத்தா பெர்மிஷன் இல்லை எண்டு வருது, டார் பைலை பென்லயே பிரிச்சா எஸ்டிஎல்லின்ட சிம்லிங்க் வரேக்க எரர் வருது.

---

மூதூர் கோடர்

புரொக் ஃபோல்டருக்குள்ள செல்ஃப், அதுக்குள்ள எக்ஸ்இ எண்டு ஒரு லிங்க் இருக்கு, ரீட்லிங்க் பண்ணினா ஓடிக்கொண்டு இருக்கிற பைலின்ட உண்மையான இடம் வரும், பிள்ளை டெஸ்க்டொப்பில சிம்லிங்க் போட்டுக் கூப்பிட்டாலும் சரியான இடத்தைத்தான் காட்டும். அங்க இருந்து ஒரு படி மேல போய் லிப் ஃபோல்டரைப் பாருங்க. புரோகிராமைக் கூப்பிட்ட பேர் வாற ஆர்க்வி 0ஐ நம்பாதீங்க, ஷெல்லில பாத்தை வச்சுக் கூப்பிட்டா வெறும் பேர்தான் வரும்.

பென் விசயம் உங்கட கொம்பைலர்ட பிரச்சினை இல்லை. பென் எஃப்ஏடி32, அதில எக்ஸிகியூட் பெர்மிஷனைச் சேமிக்க இடமில்லை, சிம்லிங்க் எண்ட சாமானும் இல்லை. உபுண்டு அதை மவுண்ட் பண்ணேக்க இஎக்ஸ்இ, கொம், பட் எண்டு முடியிற பைலுக்கு மட்டும்தான் ஓட அனுமதி குடுக்கும். டார் பைலாவே பென்ல கொண்டுபோங்க, ஹோம் ஃபோல்டருக்குள்ள பிரிக்கச் சொல்லுங்க. எஸ்டிஎல்லை சிம்லிங்க் இல்லாம, பலகை கேக்கிற சோநேம் (எஸ்ஓ பைலுக்குள்ள எழுதியிருக்கிற பேர்) எதுவோ அதே பேர்ல ஒரே பைலா வச்சுக் குடுத்தா இன்னும் நல்லது, விண்டோஸ் மெஷின்ல பிரிச்சுப்போட்டுக் கொண்டுவாற பிள்ளைக்கும் உடையாது. அப்பிடி விண்டோஸுக்குள்ளால வந்த பைலுக்கு மட்டும் ஒருக்கா சிஎச்மொட் பிளஸ் எக்ஸ் அடிக்கவேண்டி வரும், அதை ரீட்மீ பைல்ல முதல் வரியாப் போடுங்க.

---

உப்புவெளியான்

சரி, சோநேம் பேர்ல வச்சுத் திருப்பி டார் பண்றன். ரீட்மீயும் தமிழ்லயே எழுதுறன், இந்தக் கிழமைக்குள்ள டார் பைலை இங்க போடுவன். கிண்ணியா, மூதூர் பக்கம் படிப்பிக்கிற ஆக்கள் ஆராவது பழைய மெஷின்ல ஓடவிட்டுப் பாத்துச் சொன்னா பெரிய உதவியா இருக்கும், முக்கியமா 32 பிட் மெஷின் ஏதும் லாப்பில மிஞ்சி இருந்தா சொல்லுங்கோ, அதுக்குத் தனியா பில்ட் பண்ணித் தாறன்.